உன் சாமான் சீட்டை அனுப்பு

செல்லூர், மதுரை
26.4.2020

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இன்று முதல் 29ஆம் தேதி இரவு வரை மதுரையில் முழு ஊரடங்கு. மளிகைக் கடையும் திறக்கக் கூடாது. அதனால்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. அப்பத்தா நன்றாக இருக்கிறது. கபசுரக் குடிநீர் மட்டும் தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. அக்காவும் மாப்பிள்ளையும் திருமங்கலத்தில் சுகம்.

உன்னிடம் அரிசி இருக்கிறதா? எத்தனை கிலோ என்று எழுது. "இருக்குப்பா" என்று சொன்னால் போதாது.

முழு ஊரடங்கு என்று வெள்ளிக்கிழமை அறிவித்தார்கள். சாமான் வாங்க நேற்று ஒரு நாள்தான். கடை வாசலில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்தில் ஒருவர்கூட நிற்கவில்லை. மார்ச்சில் 144 போட்ட அன்று வந்ததுகூட இவ்வளவு கூட்டம் இல்லை. ஒரு மணிக்குச் சாத்த வேண்டிய கடைகளை மூன்று மணி வரை திறந்து வைக்க விட்டும் போதவில்லை. மாதம் அரைக் கிலோ ரவை வாங்கும் வீட்டில் ஐந்து கிலோ கேட்கிறார்கள். இந்த வெயிலில் அதில் வண்டு விழாமல் எத்தனை நாள் இருக்கும்? நாலு நாள் அடைப்புதானே என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் முதல் கொரோனா சாவு நம் பெரியாஸ்பத்திரியில்தான், மார்ச் 25 விடிகாலையில். அன்றிலிருந்து ஊர் பயந்து கிடக்கிறது.

ஆனால் ஒன்று. மூட்டையாக வாங்க முடிகிறவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். தறிக்குப் போகிறவர்கள் அன்றாடம் கூலி வாங்கி, பத்து ரூபாய்க்கு எண்ணெயும் ஐந்து ரூபாய்க்கு டீத்தூளும் வாங்குகிறவர்கள். இப்போது தறியும் ஓடவில்லை. அரசு கொடுத்த 1000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்? அவர்கள் வரும்போது கடை காலியாக இருந்தால் எங்கே போவார்கள்? அதனால் முந்தின இரவே நானும் அம்மாவும் துவரம்பருப்பையும் உளுந்தையும் கால் கிலோ, நூறு கிராம் என்று பொட்டலம் போட்டு உள்ளே வைத்துவிட்டோம். அப்பத்தாவும் உட்கார்ந்து நூல் கட்டியது. மூட்டையாகக் கேட்டவர்களுக்கு இல்லை என்றேன். ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். வரட்டும். கீழமாசி வீதியிலும் சரக்கு முன்போல இல்லை. வடக்கேயிருந்து லாரி வருவது குறைந்துவிட்டது, மூட்டை இறக்க ஆளும் இல்லை. யானைக்கல் பாலத்தில் போலீஸுக்குப் பாஸைக் காட்டிவிட்டு, கிடைத்ததை டிவிஎஸ் பிஃப்டியில் கட்டிக்கொண்டு வருகிறேன்.

இத்தனை வருஷம் கடையில் நின்றதில், சாமான் சீட்டைப் பார்த்தாலே எனக்கு அந்த வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். முதலில் பூஸ்ட் நிற்கும். அப்புறம் நெய். பெரிய சோப்புக்குப் பதில் சின்ன சோப்பு. உளுந்து நிற்கும்போதுதான் எனக்கு அடிவயிறு கலங்கும். உளுந்து இல்லையென்றால் இட்லி தோசை இல்லை, மூன்று வேளையும் வெறும் சோறு. வாங்க வருகிறவர்கள் அதை அப்படிச் சொல்ல மாட்டார்கள். "பிள்ளைகளுக்கு இட்லி சலிச்சுப்போச்சு" என்பார்கள்.

தெருக்கோடி டீச்சரும் நேற்று அதையே சொன்னார். தனியார் பள்ளி, சம்பளம் வரவில்லை. நானாகவே அரைக் கிலோ உளுந்தைப் பையில் போட்டு நோட்டில் எழுதினேன். வேண்டாம் என்று கையை எடுத்துவிட்டார். "உங்களிடம் கணக்குப் படித்தவன் வெளிநாட்டில் இருக்கிறான். அவனுக்கு அங்கே யாராவது இப்படிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதானே நான் நினைப்பேன்" என்றேன். அப்புறம்தான் வாங்கிக்கொண்டார்.

போன வாரம் அம்மாவிடம், "தோசையெல்லாம் வேண்டாம்மா, தயிர்சாதமே போதும், மாவு வாங்கப் போகச் சோம்பலா இருக்கு" என்றாய். அதற்கு முன்னால் முட்டை கிடைக்கவில்லை என்றாய். அம்மா நம்பிவிட்டாள். மெல்போர்னில் மார்ச்சில் அரிசிக்கும் டாய்லெட் பேப்பருக்கும் ஜனம் அடித்துக்கொண்டதை நானும் டிவியில் பார்த்தேன். இப்போது எல்லாம் கிடைக்கிறது என்று மாப்பிள்ளையின் தம்பி சொல்கிறான். அவனும் அதே ஊரில்தானே இருக்கிறான். ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட அங்கே மார்ச் 23லேயே தடை போட்டுவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். செலவுக்கு வழியில்லாத வெளிநாட்டு மாணவர்கள் ஊர் திரும்பலாம் என்று அந்த நாட்டுப் பிரதமர் சொன்னதையும் படித்தேன். எப்படித் திரும்புவது? மார்ச் 22லிருந்து இங்கே பயணிகள் விமானத்தை இறங்கவே விடவில்லை.

நான் எதையும் கேட்கவில்லை. நீ இரவில் ஓட்டல் அடுப்படியில் நின்று, பகலில் படித்து, வீட்டுக்கும் பணம் அனுப்பியவன். செல்லூரில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? ஆனால் இந்த மாதம் முழுக்க வீடியோவில் முகத்தைக் காட்டவில்லை. கேமரா சரியில்லை என்கிறாய். பெற்றவளிடம் சொல்கிற பேச்சா இது? அரிசியை மட்டும் குறையவிடாதே.

இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதமும் வேண்டாம். வீட்டுக் கடன் தவணையை மே 31 வரை தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பாங்கில் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். வட்டி ஏறும்தான், ஏறட்டும். நீ வயிற்றைக் கட்டி அதை அடைக்க வேண்டாம்.

சித்திரைத் திருவிழா இல்லை. இந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்க மாட்டார் என்பதை அப்பத்தாவால் தாங்க முடியவில்லை. திருக்கல்யாணம் மட்டும் மே 4 அன்று கோயிலுக்குள்ளேயே நடக்கிறது, நேரலையில் காட்டுவார்கள். அம்மா டிவி முன்னாலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொள்வாள். அன்றைக்கு நீ வீடியோவில் வர வேண்டும்.

மாப்பிள்ளையின் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். பத்துக் கிலோ அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய் வாங்கி வந்து உன் வாசலில் வைத்துவிட்டுப் போவான். பணத்தை நான் மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று அவனைத் திருப்பி அனுப்பாதே. இந்த வாரம் நீ என்னென்ன வாங்கினாய் என்று ஒரு சீட்டில் எழுதி எனக்கு மட்டும் அனுப்பு, அம்மாவுக்கு வேண்டாம். அரிசியில் நாலு காய்ந்த மிளகாய் போட்டு வை.

நாளைக் காலை இங்கே ஐந்து மணிக்குக் கூப்பிடு, உனக்கு அப்போது ஒன்பதரை. அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள். நான் மாடியில் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா