பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் பேசட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகும் பேச்சுப் போட்டி என்றால் நடுவராக உட்காரக் கூப்பிடுகிறார்கள். அண்மையில் ஒரு பள்ளியில் நெகிழி ஒழிப்பு பற்றிய போட்டி. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். ஆமை வயிற்றில் நெகிழி என்றதும் வலது கை மேலே போகிறது. ‘விழித்தெழு தமிழா’ என்றதும் இடது கை. முன்வரிசையில் இருந்த டீச்சரின் உதடும் கூடவே அசைகிறது. ஒரு பையனுக்கு நடுவில் ஒரு வரி மறந்துவிட்டது. மறுபடி ‘அவையோர்க்கு வணக்கம்’ என்று முதலிலிருந்து ஆரம்பித்தான். பாவம், அவன் என்ன செய்வான்?

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பேசினாள். “எங்க அம்மா இட்லிக் கடை வச்சிருக்காங்க. சாம்பாரைக் கவர்ல கட்டித் தரலன்னா ஆளுங்க பக்கத்துக் கடைக்குப் போயிடுறாங்க. தூக்குவாளி கொண்டாங்கன்னா முறைக்கிறாங்க. சோதனைக்கு வர்றவங்க எங்க கடையிலதான் கவரைப் பறிச்சிட்டு அபராதம் போடுறாங்க. கவர் செய்யிற கம்பெனிக்கு ஏன் போறதில்லை?” ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்கு 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் தடை. அது கடைத்தெருவில் என்ன பாடுபடுகிறது என்பதை அன்று சொன்னது அவள் ஒருத்திதான்.

பரிசு அவளுக்கு இல்லை. ‘பேச்சு வழக்கு கலந்துவிட்டது, பாவனை போதாது’ என்றார்கள் மற்ற இரு நடுவர்கள். எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன். இருவருக்கு ஒருவர், என்ன செய்ய?

வகுப்பில் ழகரத்துக்காகப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியவள் நான். உச்சரிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சொந்தமாக யோசித்ததற்கு மதிப்பெண் தாளில் ஒரு கட்டமாவது வேண்டாமா? தலைவர்கள் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்தும் பேச்சுப் போட்டிகளில் முதல் பரிசு 5,000 ரூபாய். ஒரு வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை, பள்ளிக்கும் பெயர் கிடைக்கிறது. அப்புறம் ஆசிரியர் எழுதித் தராமல் இருப்பாரா?

பள்ளிகள் செலவில்லாமல் ஒன்று செய்யலாம். மூன்று நிமிடம் பேசட்டும். மீதி இரண்டு நிமிடம் நடுவர் கேள்வி கேட்கட்டும்: ‘உங்கள் வீட்டில் கடைக்குப் போகும்போது பை கொண்டுபோவது யார்?’ இந்த மாதிரி. பதில் திக்கித் திணறி வந்தாலும் சரி, வீட்டுத் தமிழில் வந்தாலும் சரி, மொத்த மதிப்பெண்ணில் பாதி அதற்கு. எழுதிக் கொடுத்தவர் யாரென்று அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்த போட்டிக்கு என்னைக் கூப்பிடும் பள்ளியிடம் இதை முதலிலேயே கேட்டுவிட்டுத்தான் வருவதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
திண்டுக்கல்.