தைலத்தில் மிளகாய்ச் சாறு, காந்தப் பட்டியில் வெறும் தகரம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள். (உங்கள் பெயரை இணையதளத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், எங்கேயும் போடவில்லை. போட வேண்டும் என்பது சட்டம்.)

வணக்கம்.

மே 26-ம் தேதி உங்களிடம் குதிரைக்கான நிவாரண கிட் ஒன்று வாங்கினேன். விலை 14,800 ரூபாய். அரை லிட்டர் மூலிகைத் தைலம் ஒரு பாட்டில், காலில் சுற்றுகிற காந்தப் பட்டி நான்கு, முதுகில் போடுகிற காந்தப் போர்வை ஒன்று. இதுவரை எட்டு தடவை போன் செய்துவிட்டேன், மூன்று மெயில் போட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு பிள்ளை எடுக்கிறது, அதனிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி அனுப்புகிறேன், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். மாந்தோப்பு இருக்கிறது, பிழைப்பு அதில்தான். பந்தயத்துக்கெல்லாம் நான் போவதில்லை. எங்கள் தாத்தா மொரப்பூர் ரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டியவர், அவர் வண்டியின் விளக்கு ஒன்று இன்னும் எங்கள் வீட்டுத் திண்ணையில் தொங்குகிறது. அந்த ஆசையில்தான் மூன்று வருடத்துக்கு முன் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குச் சுழி பார்க்கத் தெரிந்த மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பெண்குதிரை பிடித்து வந்தேன். காத்தியவார் கலப்பு, காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். செல்லி என்று கூப்பிடுகிறோம்.

வெளிநாட்டில் குதிரை வண்டி ஓட்டுவதை ஒரு விளையாட்டாகவே நடத்துகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் விளம்பரப் படமே அதுதான். முதலில் குதிரையின் நடையும் பணிவும் பார்ப்பார்கள், அப்புறம் மாரத்தான், கடைசியில் கூம்புகளுக்கு நடுவே வண்டியை நுழைத்து எடுக்க வேண்டும், கூம்பின் மேல் வைத்த பந்து விழுந்தால் 3 புள்ளி தண்டம். நான் அதைத் தோப்பில் என் அளவுக்குச் செய்து பார்ப்பேன். பிளாஸ்டிக் கூம்பு, பந்துக்குப் பதில் வெம்பி விழுந்த மாங்காய். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம், அவ்வளவுதான் எங்கள் விளையாட்டு.

ஏப்ரல் கடைசியில் செல்லிக்கு இடது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. எங்கள் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, வண்டி பூட்டாதே, காலையும் மாலையும் இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீர் விடு, கையில் பிடித்து மெதுவாக நடத்து என்றார். அவர் சொன்னபடி செய்தேன். நன்றாகவே தேறி வந்தது. ஆனால் முழுசாகச் சரியாகவில்லை, எனக்குப் பொறுமையும் இல்லை. தங்கச்சி பிள்ளைகள் லீவுக்கு வந்திருந்தார்கள், வண்டியில் போகலாம் மாமா என்று தினமும் நச்சரிப்பு. அந்த நேரம் பார்த்து உங்கள் விளம்பரம் வந்தது: 'ஒலிம்பிக் தரம், நூறு சதவீதம் மூலிகை, பக்கவிளைவு கிடையாது, வண்டி பூட்டும் முன் தடவலாம்.' அவசரப்பட்டது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு உங்கள் தாளில் போட்டிருந்த படத்தைப் பார்த்து, தோளிலும் மார்பிலும் தைலம் தேய்த்து, மார்ப்பட்டையைக் கட்டி வண்டி பூட்டினேன். குதிரை வண்டியை இழுப்பது மார்பால். முழு பாரமும் அந்தப் பட்டைக்கு அடியில் உள்ள தோலில்தான் விழும். பத்து நிமிடம் ஒழுங்காகப் போனாள். வியர்க்க ஆரம்பித்தது, குதிரை வியர்வை சோப்பு மாதிரி நுரைக்கும், பட்டையின் ஓரம் முழுக்க வெள்ளை நுரை கட்டியது. அடுத்த நிமிடம் தலையை உதறினாள், காதை மடக்கினாள், அப்புறம் என் கையில் லகான் இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. வலது சக்கரம் வரப்பில் ஏறி, இடது ஏர்க்கால் மாமரத்தில் மோதி, விரிசல் விட்ட பிறகுதான் நின்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அதோடு போனது எங்கள் குலதெய்வம் புண்ணியம்.

தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி பார்த்தேன், நிமிடத்துக்கு 72. சும்மா நிற்கிற குதிரைக்கு 28-லிருந்து 44-க்குள் இருக்கும். பட்டையைக் கழற்றினால் மார்பில் ஒரு சாண் அகலத்துக்குத் தோல் தடித்து, நடுவில் கொப்புளம். தண்ணீர் ஊற்றினேன், துள்ளினாள். இதற்குள் என் கையும் எரிய ஆரம்பித்துவிட்டது, தெரியாமல் கண்ணைத் துடைத்துவிட்டேன், அதை இங்கே எழுத வேண்டாம். அம்மா வந்து என் கையை மோந்து பார்த்துவிட்டு, 'இது மிளகாய் எரிச்சல்டா, தண்ணி ஊத்தினா அடங்குமா' என்று தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு ஓடினார். எண்ணெய் தடவித் துடைத்த பிறகுதான் கொஞ்சம் அடங்கினாள். அந்தக் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும் என்று பிறகு மருத்துவரும் சொன்னார்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது. என்ன எழுதியிருக்கிறது? முன்பக்கம் இலை, குதிரை, நட்சத்திரம். பின்பக்கம் விலை ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கர் கொஞ்சம் மேடாக இருந்தது, அடியில் இன்னொரு எழுத்து தெரிந்தது. வெந்நீரில் ஊற வைத்து நகத்தால் உரித்தேன். உரித்தால் சேர்மானப் பட்டியல். கற்பூரம், நீலகிரித் தைலம், நாலாவதாக 'கேப்சிகம் ஒலியோரெசின்'. மிளகாயிலிருந்து எடுக்கிற சாறு. எழுத்தின் அளவு கடுகை விடச் சின்னது, அதன் மேல் உங்கள் விலை ஸ்டிக்கர். தெரியாமல் ஒட்டியதா, தெரிந்தே ஒட்டியதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். படம் இணைத்திருக்கிறேன், உரிப்பதற்கு முன், உரித்த பின், இரண்டும்.

இதில் எனக்கு வந்த கோபத்தை விடச் சிரிப்பு அதிகம், காரணம் அந்த 'ஒலிம்பிக் தரம்'. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. தாண்டும் போட்டிக் குதிரைகள் சிலவற்றின் சோதனையில் கேப்சைசின் தெரிந்தது, அதாவது இதே மிளகாய்க் காரம். நார்வே அணி வாங்கிய வெண்கலத்தையே பறிகொடுத்தது. வலியை மறைக்கவும் அதைத் தடவலாம், காலில் தடவி எரிச்சல் உண்டாக்கினால் கட்டையில் இடிக்கப் பயந்து குதிரை உயரமாகத் தாண்டும் என்றும் தடவலாம், இரண்டுக்குமே தடை. ஒலிம்பிக்கில் குதிரையை வெளியே அனுப்பிய சரக்கை ஒலிம்பிக் பேரைச் சொல்லி எனக்கு விற்றிருக்கிறீர்கள்.

மாற்று மருத்துவம் என்றாலே ஏமாற்று என்று சொல்கிறவன் இல்லை நான். தாத்தா தினமும் ராத்திரி வைக்கோல் புரியால் குதிரையை அரை மணி நேரம் தேய்த்துவிடுவார், அதைத்தான் இன்று மசாஜ் என்கிறார்கள். படித்த கால்நடை மருத்துவர்களே குதிரைக்கு அக்குபஞ்சர் ஊசி போடுகிறார்கள். கருவி வைத்து வலிக்கிற இடத்தில் அலை பாய்ச்சுகிற அதிர்வலை சிகிச்சையை, சர்வதேசப் போட்டிக்கு முந்தைய 5 நாளில் கொடுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது, ஏனென்றால் அது வலியை மறைத்துவிடும், வலி தெரியாத குதிரை காலை உடைத்துக்கொள்ளும். எதை, எப்போது, எந்த இடத்தில் என்று கணக்கு வைத்துச் செய்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். நீங்கள் காரத்தைத் தடவி, அதன் மேல் பட்டையைக் கட்டி, வெயிலில் ஓட்டு என்று படம் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

சரி, காந்தத்துக்கு வருகிறேன். ஒரு பட்டிக்கு 12 காந்தம் என்று போட்டிருந்தது. ஊக்கு ஒன்றை எடுத்து ஒவ்வொரு பொட்டாக வைத்துப் பார்த்தேன். நான்கு பட்டியிலும் சேர்த்து 48-க்கு 19 இடத்தில்தான் ஊக்கு ஒட்டியது. ஒட்டாத இடத்தில் ஒன்றின் தையலைப் பிரித்தேன், உள்ளே எட்டணா அளவில் வெறும் தகர வில்லை. மிச்சத்தில் முழு காந்தம் இருந்தாலும் நீங்கள் சொல்கிற மாதிரி அது 'ரத்தத்தில் உள்ள இரும்பை இழுத்து' ஓட்டத்தைக் கூட்டாது. ரத்தத்தில் இருக்கிற இரும்பு ஆணி இரும்பு மாதிரி காந்தத்துக்கு வராது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். போர்வையைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. ஜூன் மாதக் காவேரிப்பட்டணத்தில் குதிரைக்குக் கம்பளி போர்த்தச் சொல்கிற ஆளை நேரில் பார்க்க ஆசை.

உங்கள் பக்கத்துப் பதில்களையும் எழுதிவிடுகிறேன். முதல் போனில்: 'சூடு தெரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார்.' இரண்டாவது போனில்: 'உங்க குதிரை ஸ்கின் சென்சிட்டிவா இருக்கும்.' மூன்றாவதில் பெட்டியைப் பிரித்த வீடியோ இருந்தால்தான் பணம் என்றார்கள். கொப்புளம் பெட்டியிலிருந்து வரவில்லையே அம்மா என்றேன், வைத்துவிட்டார்கள். கடைசியாக வந்த மெயிலில் அடுத்த கிட்டுக்கு 20 சதவீதம் தள்ளுபடி.

எனக்கு வேண்டியது இது. கிட்டின் விலை 14,800. மருத்துவர் மூன்று தடவை வந்ததற்கு 2,400, மருந்து 1,850, ஏர்க்கால் மாற்றியதற்கு 3,500. ஆக மொத்தம் 22,550 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை. அப்புறம், சேர்மானத்தை ஸ்டிக்கருக்கு மேலே கொண்டு வாருங்கள், 'மிளகாய்ச் சாறு உள்ளது, பட்டைக்கு அடியில் தடவாதீர்கள்' என்று தமிழிலும் போடுங்கள், 'பக்கவிளைவு கிடையாது', 'ஒலிம்பிக் தரம்' இரண்டையும் எடுங்கள்.

2020-ம் வருட மின்வணிக விதிப்படி புகார் வந்த 48 மணி நேரத்தில் வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் முதல் மெயில் ஜூன் 9-ம் தேதி போனது. ஜூலை 9 வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்துவிட்டுக் கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது, எனக்குப் பஸ் காசு மட்டும்தான் செலவு. உங்களுக்குத்தான் தூரம்.

செல்லி இப்போது பரவாயில்லை. கொப்புளம் காய்ந்துவிட்டது, அந்த இடத்தில் முடி மட்டும் இன்னும் முளைக்கவில்லை. ஆனால் மார்ப்பட்டையைக் கையில் எடுத்தாலே பின்னால் போகிறாள். கொள்ளு வைத்த கூடையைக் காட்டி, பட்டையைப் பக்கத்தில் வைத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிறேன். இதற்கு நான் பில் போடவில்லை.

பாட்டிலில் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது. பொருளைத் திரும்ப எடுக்க ஆள் அனுப்புவதாக இருந்தால் அனுப்புங்கள், கையுறை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்
24.06.2025