‘கிருபை பெற்றுச் சென்றனர்’ என்ற வரி குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசிமேட்டில் நடந்த நற்செய்திக் கூட்டம் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். “விதைக் காணிக்கை செலுத்திய ஏராளமானோர் கிருபை பெற்றுச் சென்றனர்” என்று செய்தி முடிந்தது. அந்த வரி நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிறது. பல மடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லி வாங்கும் பணம்தான் இந்த விதைக் காணிக்கை. காசு கொடுத்துப் பெறுவதற்குக் கிருபை என்றா பெயர்? “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்” என்று தொடங்கும் எபேசியர் 2:8, “இது தேவனுடைய ஈவு” என்று முடிகிறது. கிரியைகளினால் வந்ததல்ல என்கிறது அடுத்த வசனம். நற்கிரியை பத்தாம் வசனத்தில்தான் வருகிறது, இரட்சிப்பின் கனியாக. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் வசனம் இது, தங்களுக்குத் தெரியாததல்ல.

விதை எது என்று லூக்கா 8:11-இல் இயேசுவே சொல்லிவிட்டார்: தேவனுடைய வசனம். மேடையில் அதை ரூபாய் நோட்டாக்கி, “பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்” என்று 2 கொரிந்தியர் 9:6-ஐத் துணைக்கு அழைக்கிறார்கள். முந்தைய அதிகாரத்தைப் புரட்டுவதே இல்லை. அங்கே அப்போஸ்தலன் பவுல் பேசுவது, எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகத் திரட்டிய பணத்தைப் பற்றி. யாரும் குறைசொல்லிவிடக் கூடாதென்று, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் பவுல் உடன் வைத்துக்கொண்டார் (8:19-21). இங்கே காணிக்கைக் கவருக்கு ரசீதுகூடக் கிடையாது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் படகு கரையில் கிடக்கும். காதுத் தோடு அடகுக்குப் போகும். அந்தப் பணம் ஊழியக்காரர் படம் போட்ட கவருக்குள் போகும். வேப்பேரியில் ஊழியம் செய்து, 1772-இல் தமிழில் புதிய ஏற்பாட்டைத் தந்த ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியுஸ் ஐயரே பண விவகாரத்தில் இடறி, கடனுக்காகச் சிறை கண்டார். அவருக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களுக்குக் கணக்கு வேண்டாமா?

கேட்டால், “அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்று வாயை அடைக்கிறார்கள். பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா ஊராரை வேதம் பாராட்டுகிறது (அப்போஸ்தலர் 17:11). பிரசங்கியார் ஒரு வசனத்தைச் சொன்னால் அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனம் வாசிக்க வேண்டும். தணிக்கை செய்த வரவு செலவைக் கேட்க வேண்டும். சொன்ன தீர்க்கதரிசனம் பலித்ததா என்று தேதி குறித்துவைத்துப் பார்க்க வேண்டும். உபாகமம் 18:22 வைக்கும் சோதனை அதுதான். குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமானிடம் தீர்க்கதரிசி எலிசா காணிக்கை வாங்க மறுத்தார். பின்னாலேயே ஓடி வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசிக்குக் குஷ்டம் வந்தது.

சுகமான சாட்சிகளையும் அப்படியே அச்சிடுகிறீர்கள். குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசு, சுகமானதைச் சோதித்துச் சொல்லும் ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொன்னார். மேடையில் ‘சுகம்’ என்று அறிவித்ததும் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டியதைப் பாதியில் விட்டால், அதே மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக அது திரும்பி வரக்கூடும். ஸ்டான்லி மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்தார்களா என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சென்ற ஆண்டு ஜெப எண்ணெய்ப் புட்டிக்கு அரைப் பக்கம் ஒதுக்கினீர்கள். ‘விளம்பரம்’ என்ற சொல் ஒரு மூலையிலும் இல்லை. நீங்கள் அச்சிடுவதை வியாசர்பாடியில் வயதான தாய்மார் கத்தரித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள், ஐயா.

வரும் ஞாயிறு இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். “காணிக்கை செலுத்தினர்” என்றிருந்தால் போதும். பணம் வாங்கிப் போடுவதன் தலையில் ‘விளம்பரம்’ என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ராயபுரம்