ஆரஞ்சு ஆங்கிலச் சொல்லா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஒரு வாசகர், ஆரஞ்சு என்பது ஆங்கிலச் சொல், அதைத் தமிழிலிருந்து தூக்கிவிட்டுப் புதுச்சொல் உருவாக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். தூக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பழியை ஆங்கிலத்தின் தலையில் கட்டுவது சரியில்லை. ஆங்கிலமே அதைப் பிரெஞ்சிலிருந்து வாங்கியது. அரபியில் அது நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், வடமொழியில் நாரங்க, அதற்கும் பின்னால் போனால் ஏதோ ஒரு திராவிட மொழிதான் மூலம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. நம் நாரத்தை, மலையாளத்து நாரங்ங எல்லாம் அந்தக் குடும்பம்தான் (கேரளத்தில் நாரங்ங வெள்ளம் கேட்டால் எலுமிச்சை ஜூஸ் வரும், அது வேறு கதை). முதலில் இருந்த ‘ந’ எழுத்து இத்தாலி, பிரான்ஸ் பக்கத்திலேயே, முன்னால் வரும், ‘ஒரு’ என்று பொருள்படும் ‘ஊன’ போன்ற சொல்லின் ‘ன’ ஒலியோடு ஒட்டிக் காணாமல் போய்விட்டது.

இதைப் படித்துவிட்டு உடனே ‘உலகுக்குத் தமிழன் தந்த சொல்’ என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடாதீர்கள். எந்தத் திராவிட மொழி என்பது முடிவாகவில்லை.

இன்னொரு விஷயம், அந்தப் பெயரோடு முதலில் ஊர் சுற்றியது நாம் உரித்துத் தின்னும் இனிப்புப் பழம் இல்லை. அரபிகள் ஸ்பெயினுக்குக் கொண்டுபோனது கசப்பு வகை, நாம் ஊறுகாய் போடும் நாரத்தங்காய்க்குச் சொந்தம், செவில் நகரத் தெருக்களில் அந்த மரங்கள் இன்றும் நிற்கின்றன. இனிப்புப் பழத்தை 15, 16-ம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசியர் பரப்பப்போய், அரபியில் அதற்குப் புர்துகால், துருக்கியில் போர்த்தகால், கிரேக்கத்தில் போர்த்தொகாலி என்று நாட்டின் பெயரே விழுந்துவிட்டது. போர்ச்சுகலில் மட்டும் பழையபடி லரஞ்ஜா! டச்சுக்காரர்கள் ‘சீன ஆப்பிள்’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள், பழத்தின் பிறந்த ஊரைப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

மாற்றுச்சொல் வேண்டும் என்றால் கிச்சிலி இருக்கிறது, இலங்கைத் தமிழர் தோடம்பழம் என்கிறார்கள். புதிதாக எதற்கு உருவாக்க வேண்டும்?

அப்புறம், அதே இணைப்பில் நெதர்லாந்து அரச குடும்பத்துக்கு இந்தப் பழத்தால் பெயர் வந்ததாக ஒரு துணுக்கு. அந்தப் பெயர் தெற்குப் பிரான்சில் உள்ள ஆரஞ்சு என்ற ஊரிலிருந்து வந்தது, ரோமானியர் காலத்தில் அந்த ஊர் அரௌசியோ, பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்