தென்பெண்ணைக் கரையிலிருந்து பாடத்திட்டக் குழுவினருக்கு

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்துக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சமூகவியல் பாடங்களை வகுக்கும் உங்களுக்கு, பாகூர்ப் பகுதியைச் சேர்ந்த முதுகலைப் பட்டதாரியாக இதை எழுதுகிறேன். சமூக நீதி குறித்த தாளில் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்சின் நீதிக் கோட்பாட்டையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தையும் விரும்பியே படித்தேன். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் வட்டாரத்தைப் பற்றி வகுப்பில் ஒரு பேச்சும் எழவில்லை என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

தென்பெண்ணை ஆற்றின் ஒரு கரையில் புதுச்சேரியின் பாகூர், மறுகரையில் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம். இரு பக்கமும் இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருளர் பழங்குடியினர். புதுச்சேரியிலோ 2016 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஆணை வரும்வரை பட்டியல் பழங்குடி என்று எந்தச் சமூகமும் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. அதுவரை எங்கள் கரையில் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சாதிச் சான்றிதழைக் கேட்கச் சட்டத்தில் இடமே இல்லை. சட்டத்தில் இடமிருந்த அக்கரையிலும் கையில் பத்திரம் ஏதுமில்லாத பெற்றோர் அதற்காக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்தது. உரிமை எழுதப்படாமலிருப்பதும், எழுதப்பட்ட பிறகும் கைக்கு வராமலிருப்பதும் வேறுவேறு என்பதை மாணவருக்கு விளக்க, ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கிடைக்கும் இந்தப் பாடத்தை விட்டுவிட்டு ஏன் தொலைவுக்குப் போகிறோம்?

1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுக் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் 12 பேர் உயிரிழந்ததும், மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானதும், சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கியதும் அந்தத் தாளில் இடம்பெற வேண்டியவை.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் ஆய்வேட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றார்கள், எழுதினேன். அதற்காகப் பல மாலைகள் தன் வாழ்க்கையை எனக்குச் சொன்ன இருளர் பாட்டியிடம் பைண்டு செய்த பிரதியைக் கொண்டுபோனபோது, "எங்களப் பத்தி என்னா எழுதின தம்பி, படிச்சுக் காட்டு" என்றார். வரிக்கு வரி தமிழாக்கிச் சொல்லத் தொடங்கிய நான் இரண்டாம் பக்கத்திலேயே திணறி நின்றேன், ஏனெனில் அவர் சொன்ன எளிய சொற்கள் அதில் எங்குமே இல்லை. நான் வெட்கப்பட்டது அவர் முன்னால்தான்; மதிப்பெண் நன்றாகவே வந்திருந்தது.

ஆகவே, களஆய்வு செய்யும் மாணவர் தமிழிலேயே ஆய்வேடு எழுத அனுமதிக்குமாறும், ஆய்வு முடிந்ததும் அந்த ஊராரைக் கூட்டி வைத்து அதை வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் திருத்தங்களையும் இணைத்த பிறகே மதிப்பீட்டுக்கு ஏற்குமாறும் வேண்டுகிறேன். இதனால் ஆய்வுக்குக் கூடுதலாக ஒரு மாதம் பிடிக்கலாம். அந்த ஒரு மாதத்தைத் தயவுசெய்து பாடத்திட்டத்தில் ஒதுக்கித் தாருங்கள்.

என் ஆய்வேட்டை இப்போது தமிழில் திரும்ப எழுதிவருகிறேன். முடிந்ததும் முதல் பிரதி அந்தப் பாட்டிக்கு. அடுத்த பிரதியை உங்களுக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
பாகூர்ப் பகுதி முன்னாள் மாணவன்