தம்பிக்கு, உன் மாத்து டிரைவர் எழுதுவது

தம்பி,

அடுத்த டிரிப்புல இருந்து லாரியில உன்கூட மாத்து டிரைவரா வரமாட்டேன். ஏன்னு உனக்குத் தெரியும். நாலு பேர் படிக்கிற இடம், ஓனர்களும் இருப்பாங்க. அதனால எந்த லோடு, எந்த ரூட்டுன்னு எழுதல.

விடியக்காலை மூணரை. இடது டயர் ஓரக்கோட்டு மேல ஏறி டர்ர்ர்னு கேபினே அதிர்ந்துச்சு. "தூங்கலண்ணே, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்"னு சொன்ன. நீ பொய் சொல்லல. அந்தக் குட்டித் தூக்கம் கண்ணு திறந்திருக்கும்போதே வந்துட்டுப் போயிரும், வந்தவனுக்கே தெரியாது. 80-ல போற வண்டி செகண்டுக்கு 22 மீட்டர் ஓடும். நாலு செகண்டுன்னா 90 மீட்டர் கிட்ட, ஸ்டியரிங்ல ஆளே இல்லாம.

அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கத்தினது ஜாஸ்திதான், மன்னிச்சுக்கோ. ஆனா மெதுவா சொன்ன எதை நீ காதுல வாங்கின? ஜன்னலைத் திறக்கிறது, பாட்டை அலற விடுறது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

கொட்டாவி அடுத்தடுத்து வருதா, இப்பத் தாண்டின போர்டுல என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இல்லையா, ஆக்ஸிலேட்டர்ல கால் தானா ஏறி இறங்குதா, அப்பவே நிறுத்து. ரோட்டோரத்துல இல்ல, வண்டி நிறுத்துற இடத்துல. காப்பியை முதல்ல குடிச்சிட்டுப் படு. அது வேலை செய்யவே 20, 30 நிமிஷம் ஆகும். அலாரம் 20 நிமிஷத்துக்கு வை. அதுக்கு மேல போனா ஆழ்ந்த தூக்கத்துல இழுத்துரும், எழுந்தா தலை கிறுகிறுக்கும். எழுந்ததும் சாவியைத் திருப்பாத. கீழ இறங்கி டயரைத் தட்டிப் பாரு, கட்டின கயிறை இழுத்துப் பாரு. தெளியிறதுக்கு 10, 15 நிமிஷம் வேணும்.

சளி மாத்திரை போட்டுட்டு வண்டி எடுக்கிற பழக்கம் உனக்கு இருக்கு. அதுல பலது தூக்கம் வரவைக்கிறது, மருந்துக்கடையில கேட்டு வாங்கு. ஏசியை உள்காத்துலயே சுத்த விடாத, வெளிக்காத்துக்கு மாத்து.

லேட்டானா வாடகையில பிடிப்பாங்கன்னு சொல்லுவ. பிடிப்பாங்கதான். அதைப் பத்தி இங்க வேணாம். ஆனா அந்தக் கணக்கை என் உயிர்ல வச்சு ஓட்ட நீ யாருடா?

புதுசா வர்றவன்கிட்ட, ராத்திரி 2-ல இருந்து 5 வரைக்கும் யார் ஓட்டுறதுன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பேசிடு. பகல்ல ஏழு மணி நேரம் படுத்தவன் எவனோ அவன் எடுக்கட்டும். சீனியர் ஜூனியர் பார்க்காத.

அண்ணன்