கறுப்பு பீருக்கு ஒரு மறுமதிப்பீடு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த அயர்லாந்துப் பயணக் கட்டுரையை அதே நாட்டின் தென்கரையில், டங்கார்வன் என்ற சிற்றூரில், மகள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். கட்டுரையாளர் டப்ளினில் கின்னஸ் என்ற கறுப்பு பீரை ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, கறுப்பாக இருப்பதால் போதை அதிகம், ஐரிஷ் பீர் என்றாலே கசப்பு என்று முடித்துவிட்டார். முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதிவிட்டுத் தாளைக் கொடுத்து எழுந்து போகிற பையன் ஞாபகம் வந்தது. கும்பகோணத்தில் 34 வருடம் பிளஸ் டூ வேதியியல் நடத்தியவன் நான். திருத்தாமல் விட மனசு வரவில்லை.

போதை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பப்பில் ஊற்றித் தரும் கின்னஸில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நம் ஊரில் ஸ்ட்ராங் என்று விற்கும் பொன்னிற பீரில் 8 சதவீதம் வரை போகும். அதுவும் 650 மில்லி பாட்டில். நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. முளைகட்டாத பார்லியைக் காபிக்கொட்டை மாதிரி கருக வறுத்து, மொத்தத் தானியத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சேர்க்கிறார்கள். கறுப்பு அங்கிருந்து வருவதுதான்.

இனி என் கதை. இந்த ஊரிலேயே ஒரு சின்ன பீர் ஆலை இருக்கிறது: டங்கார்வன் புரூவிங் கம்பெனி, 2010-இல் தொடங்கியது. பீர்களுக்குச் சுற்றுவட்டார இடங்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். ஹெல்விக் கோல்டு என்பது வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஹெல்விக் முனையின் பெயர். 'ஏல்' வகைச் சிவப்பு பீருக்குக் காப்பர் கோஸ்ட் என்ற பழைய தாமிரச் சுரங்கக் கரையின் பெயர். கின்னஸ் மாதிரியான 'ஸ்டவுட்' வகைக் கறுப்பு பீரின் பெயர் பிளாக் ராக். மாப்பிள்ளை ஒரு பாட்டில் கொண்டுவந்து, "மாமா, நீங்க மார்க் போட்டுச் சொல்லுங்க" என்றார். மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து குடிப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எங்கள் வீட்டிலும் ஒருவர் சுளித்தார். அன்று இரவு அவர் மாடியை விட்டு இறங்கவில்லை.

முதல் பாட்டிலில் தப்பு என்னுடையது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு, இருமல் மருந்தைக் குலுக்குவது போலக் குலுக்கித் திறந்தேன். பாதி மேஜை விரிப்புக்குப் போயிற்று. மிச்சம் கிளாஸில் சேற்றுக்குட்டைத் தண்ணீர் மாதிரி நின்றது. குடித்தால் ஈஸ்ட் வாடை, நாக்கு மரத்துப் போகும் குளிர், கடைசியில் கரி. நூற்றுக்கு 41 போட்டேன். பாஸ், அவ்வளவுதான்.

அப்புறம் லேபிளைப் படித்தேன். இதை வடிகட்டுவதில்லை. பாட்டிலில் அடைத்த பிறகும் உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. மிச்சமுள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டைஆக்ஸைடு விடுகிறது. நுரை அப்படி வருவது. கின்னஸின் வெண்ணெய் போன்ற நுரைக்கு 1959 முதல் நைட்ரஜன் வாயுவைச் சேர்க்கிறார்கள். அது வேறு வழி. 34 வருடம் கரும்பலகையில் நொதித்தல் சமன்பாட்டை எழுதியவன், நொதித்துக்கொண்டிருக்கும் பாட்டிலைக் குலுக்கியிருக்கிறேன்.

எனவே மறுமதிப்பீடு. அடுத்த பாட்டிலைக் கொல்லைப்புற ஷெட்டில் ஒரு இரவு நிமிர்த்தி வைத்தேன். மகளின் சமையல் தெர்மாமீட்டர் 11 டிகிரி காட்டியது. கிளாஸைச் சாய்த்து, மெதுவாக ஊற்றி, அடியில் இரண்டு விரல் கலங்கலைப் பாட்டிலிலேயே நிறுத்திவிட்டேன். அதே பீர்தானா என்று சந்தேகம். பித்தளை பில்டரில் இறங்கும் இரண்டாம் டிகாக்ஷனின் வாசனை. வாயில் வைத்ததும் லேசான இனிப்பு. பிறகு சர்க்கரை போடாத டார்க் சாக்லேட். கசப்பு கடைசியில் வந்து சீக்கிரமே போய்விடுகிறது. குளிரில் வாசனைப் பொருட்கள் ஆவியாவது குறைவு, கசப்பு மட்டும்தான் முன்னே நிற்கும். இது எனக்குத் தெரிந்த பாடம்தான். நாக்குக்குத் தெரிய ஒரு பாட்டில் வீணாக வேண்டியிருந்தது. 74 போட்டேன். வாயில் சற்று நீர்த்தாற்போல் இருந்தது, அதனால் 80 தர முடியவில்லை. மாப்பிள்ளை மறுகூட்டல் கேட்டார். மறுத்துவிட்டேன். காப்பர் கோஸ்டுக்கு 62. ஹெல்விக் கோல்டு பொரித்த மீனோடு நன்றாக இருந்தது, தனியாகக் குடித்தால் 58.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பல இடங்களில் பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். இந்த ஆலையின் பீர்களில் அது கிடையாது.

மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். 2022 ஜனவரியிலிருந்து ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 10 சென்ட்டுக்குக் குறைவாக இங்கே எந்தக் கடையும் விற்க முடியாது. பிளாக் ராக் 500 மில்லி, 4.3 சதவீதம், ஆல்கஹாலின் அடர்த்தியையும் சேர்த்துப் பெருக்கிப் பார்த்தால் 17 கிராம், ஆகவே எப்படிப் பார்த்தாலும் 1.70 யூரோவுக்குக் கீழே இறங்காது. கடையில் விலை அதற்கும் நன்றாகவே மேலே.

கட்டுரையாளர் அடுத்த முறை வரும்போது குளிர் குறைந்த கிளாஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு எழுதட்டும். 'போதை அதிகம்' என்ற வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றி.

பாட்டிலின் அடியில் நிறுத்திய அந்த ஈஸ்ட் கலங்கலை என் மனைவி வீணாக்கவில்லை. இந்தக் குளிரில் ஆப்ப மாவு பொங்கவே மாட்டேன் என்று ஒரு வாரமாகச் சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. அதில் ஊற்றினார். காலையில் மாவு பாத்திரத்தை விட்டு வழிந்திருந்தது. ஆப்பம் பழுப்பு நிறம், ஓரத்தில் லேசான கசப்பு. மார்க் கேட்டார். 90 போட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர், கும்பகோணம்
(தற்போது டங்கார்வன், அயர்லாந்து)